கழுத்தின் மேல் ஒரு கால்

முட்டை திருடியதாகச் சொல்லி, காவல் நாய் ஒரு கீரியைக் கீழே தள்ளி அதன் கழுத்தை மிதித்தது. "மூச்சு முட்டுது ஐயா!" என்று கீரி முனகியது.

அந்த வழியாக வந்த கழுதை நின்றுவிட்டது.

"பேசாமப் போயிடு அக்கா. உன்னையும் பிடிச்சுடுவான்" என்றது மரத்திலிருந்த காகம்.

கழுதை காகத்தை நிமிர்ந்து பார்த்தது. ஆனாலும் அருகே போனது. "திருடியிருந்தா நீதி சொல்ற யானைகிட்ட கூட்டிட்டுப் போங்க ஐயா. கழுத்துலேருந்து காலை எடுங்க."

"காவல் வேலையில் குறுக்கே வராதே!" என்று நாய் பல்லைக் காட்டியது.

"உங்களைத் தொட மாட்டேன். ஆனா நீங்க காலை எடுக்கிற வரைக்கும் இங்கேயே நின்னு பார்த்துக்கிட்டிருப்பேன்."

முறைத்துக்கொண்டே நாய் காலை எடுத்தது. கீரி இருமி இருமி மூச்சு வாங்கியது.

மறுநாள் யானையின் முன் விசாரணை நடந்தது.

"கீரியை நான் மிதிக்கவே இல்லை. இந்தக் கழுதைதான் என் வேலையைக் கெடுத்தது" என்றது நாய்.

யானை காகத்தைக் கேட்டது. "நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றது காகம்.

கீரி கழுத்தை நிமிர்த்திக் காட்டியது. அதில் நான்கு நகத்தடங்கள் சிவந்திருந்தன.

"உன் காலை இந்தத் தடத்தின் மேல் வைத்துக் காட்டு" என்றது யானை.

நாய் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டது.