பக்கத்து சீட்டில் அம்மா

"அம்மா, கண்ணைத் திற. பக்கத்து சீட்டுல இருக்கறவங்க முழிச்சிருக்கணும். அதான் ரூல்."

காரை ஓட்டிக்கொண்டிருந்த மகள் சொன்னதும் அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அம்மா ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ராத்திரி முழுக்க ஊரைச் சுற்றி ஆட்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவளுக்கு இமைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. தானே ஓட்டிக்கொண்டு போயிருந்தால்கூட இந்நேரம் வீட்டுக் கட்டிலில் விழுந்திருக்கலாம். ஆனால் மகளிடம் இருப்பது எல்.எல்.ஆர். மட்டும்தான். லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அந்த வீட்டில் அப்படிப்பட்ட பெரியவர் அவள் ஒருத்திதான்.

பதினெட்டு முடிந்து பிளஸ் டூ படிக்கும் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. தினமும் விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடுவாள். கார் சாவியை வாங்கிக்கொண்டு வீடுவரை ஓட்டிவிட்டு, அப்புறம்தான் பள்ளிக்கூடம். டெஸ்டில் இரண்டு முறை கோட்டை விட்டதாகச் சொல்லியிருந்தாள். அதற்குமேல் அம்மா கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயம்.

கை ஓட்டினாலும் வாய் ஓயாது. ராத்திரி யாரைக் கூட்டிவந்தாய், பிழைத்தார்களா, என்ன சாப்பிட்டாய், கணக்கு டீச்சர் என்ன சொன்னாள் தெரியுமா என்று துளைத்தெடுப்பாள். பாதிக் கேள்விக்கு அம்மா 'உம்' கொட்டுவாள். மீதிக்கு, ரோட்டைப் பார் என்பாள். வண்டி என்னவோ அலுங்காமல் குலுங்காமல்தான் போகும். இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவளை ஃபெயிலாக்கிய அந்தப் புண்ணியவான்மீது அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று பாலம் ஏறியதுவரைதான் அவளுக்கு ஞாபகம் இருந்தது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. வெளியே டிராபிக் போலீஸ்காரர்.

எல் போர்டு மாட்டிய வண்டியில் இப்படிக் குறட்டை விடலாமா என்று கேட்டார். தூங்கவில்லை, சும்மா கண்ணை மூடியிருந்தேன் என்றாள் அம்மா. கன்னத்தில் சீட் பெல்ட்டின் தடம் பதிந்திருந்ததால் அந்தப் பொய் எடுபடவில்லை.

அவர் அவளுடைய லைசென்ஸைக் கேட்டார். கூட வருகிறவர் தூங்கினால் குற்றம் அவர் தலையில்தான் விழும், ஓட்டுகிற பிள்ளைமீது அல்ல என்றார். லைசென்ஸில் ஒரு புகார் ஏறினாலும் ஆம்புலன்ஸ் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"இந்த ஒரு தடவை விட்டுடுங்க சார். வேலை போயிடும்."

"சின்னப் பொண்ணு கையில வண்டியைக் கொடுத்துட்டு நீங்க தூங்கினா, ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. அவரும் ராத்திரி டியூட்டி பார்த்தவர்தான்.

மகள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், அம்மா தூங்கினா தப்பில்லை" என்றாள் மெல்ல. "நான் டெஸ்ட் பாஸாகி ரொம்ப நாளாச்சு."

பையைத் துழாவி லைசென்ஸை எடுத்து நீட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எல் போர்டைக் கழற்றிப் போடச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

"அடிப்பாவி, தினமும் இமையைப் பிய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்தேனே. அன்னிக்கே சொல்லியிருந்தா நிம்மதியா தூங்கிட்டு வந்திருப்பேன் இல்ல?"

"தூங்கியிருப்பே. அதான் சொல்லலை." மகள் அவள் முகத்தைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினாள். "நான் ஸ்கூல் விட்டு வரும்போது நீ வேலைக்குக் கிளம்பிடறே. என்கூட நீ முழிச்சிருக்கறது, இந்த ரூல் இருந்ததாலதாம்மா."