வேலை போன மாப்பிள்ளை

"வேலை போன பையனுக்கு எப்படிப் புள்ளையக் குடுக்கறது?" என்று மனைவியிடம் முணுமுணுத்தார் வெள்ளியங்கிரி.

மாடியில், பெண் பார்க்க வந்த தரணிதரனிடம் அவர் மகள் யுவஸ்ரீ பேசிக்கொண்டிருந்தாள்.

"ஃபுட்பால் பாப்பீங்களா?"

"பாப்பேனுங்க."

"நம்மூரு டீமைப் பாத்தா பத்திக்கிட்டு வருதுங்க. ரெண்டாவது கோல்கீப்பரை அனுப்பிட்டு, கோல் போடறதுக்கே ஆளா எடுத்து வெச்சிருக்காங்க. இருந்த ஒரே கீப்பருக்கும் மண்டையில அடி. மயங்கி விழுந்த மனுசனை அடுத்த மேட்ச்சுலயே இறக்கப் பாத்தாங்க டீம் ஓனருங்க!"

"அப்புறம்?"

"டீம் மேனேஜர் முடியவே முடியாதுன்னுட்டாராம். மேட்ச் தோத்துச்சு. அவரையே வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. பேப்பர்ல பேருகூடப் போடல."

"தோத்ததுல கோவமில்லீங்களா?"

"மேட்ச் அடுத்த வாரமும் வருமுங்க. உசுரு வருமா? அது கிடக்கட்டும், உங்களுக்கு ஏனுங்க வேலை போச்சு?"

அவன் தயங்கினான். "அந்த மேனேஜர் நான்தானுங்க."

யுவஸ்ரீ விறுவிறுவெனக் கீழே இறங்கினாள்.

"என்ன சாமி, வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார் அப்பா. "வேலை போனவராச்சே."

"வேலை போனதாலதானுங்கப்பா எனக்குப் புடிச்சிருக்கு."