பாணன் வேடம்: திருத்திய விதிகள்

விளையாட்டின் விதிப் புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்ததும் அவள் சிரித்தாள்.

எல்லாவற்றையும் மாற்றிய சார்லஸ், 'வாயில்' என்ற தலைப்பை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தான்.

அது அவள் வைத்த பெயர். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று பாணன் பாட வேண்டும். பகடை நல்லபடி விழுந்தால் கதவு திறக்கும். பழைய பாட்டுகளில் பாணனுக்கு அதுதானே வேலை. வேறொருத்தி வீட்டுக்குப் போய்வந்த தலைவனுக்காக, கோபத்தில் இருக்கும் தலைவியிடம் தூது வருவான். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்பான்.

ஞாயிறு மதியம். அவள் வீட்டுக் கூடம். விளையாட வரும் மற்ற இருவரும் இன்னும் வரவில்லை. சார்லஸ் மேசையில் வரைபடத்தை விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கொரு டம்ளராக வைத்துக்கொண்டிருந்தான்.

ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி, சேர்ந்தே கதை சொல்லிக்கொண்டு போகும் விளையாட்டு. நான்கு பேரும் மூன்று வருடமாக அதைத் தமிழில் எழுதுகிறார்கள். ஆங்கில ஆட்டங்களில் பாத்திர வகையைக் குறிக்கும் 'கிளாஸ்' என்பதற்குச் சாதி வாடை அடிக்காத ஒரு சொல் கிடைக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. குலம் என்றார்கள். மரபு என்றார்கள். கடைசியில் வேடம் என்று வைத்துத் தப்பித்தார்கள்.

மறவன் வேடத்துக்கு வாள். பாணனுக்கு யாழ். சண்டை வந்தால் பாணன், கல்யாண வீட்டில் யாரையும் தெரியாத ஆள் மாதிரி ஓரமாக நிற்கிறான் என்று எல்லோருக்கும் குறை.

"நீங்களே மாத்திடுங்கண்ணா" என்று அவள்தான் சார்லஸிடம் சொன்னாள்.

மாற்றியிருந்தான்.

பழைய விதி அவள் எழுதியது. ஒரே வரி. பாணன் கொண்டுவரும் செய்தி பொய்யாக இருந்தால், அது பொய் என்று பாணனுக்குத் தெரியாது.

அந்த வரியை அவள் சார்லஸை நினைத்துத்தான் எழுதினாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஊட்டிக்கு வேறொருத்தியோடு போய்வந்தான் என்று சந்தேகப்பட்டு, கணவன் ரகுபதியை வெளியே நிறுத்தி அவள் கதவைச் சாத்தினாள். மறுநாள் காலையில் வந்து நின்றவன் சார்லஸ். ரகுபதியின் பள்ளிக்கூட நண்பன். அவளுக்கு அண்ணன் மாதிரி.

"ஊட்டில நான் கூடவேதாம்மா இருந்தேன். அப்படி ஒருத்தி இல்லவே இல்ல. ஜெனிலா மேல சத்தியம்."

ஜெனிலா அவனுடைய ஒரே மகள். பொய்ச் சத்தியம் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். பெற்ற பெண்ணை முன்னால் வைத்து எவன் பொய் சொல்வான்?

ரகுபதியை உள்ளே விட்டாள்.

அதற்கப்புறம் ஒரு வருடம், சந்தேகப்பட்டதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த வருடக் கடைசியில் ரகுபதி, இல்லவே இல்லாத அந்த ஒருத்தியோடு போய்விட்டான்.

கேள்விப்பட்டதும் சார்லஸ் ஓடி வந்தான். இதே கூடத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். என்னையும் ஏமாற்றிவிட்டான் என்றான். புருஷன் போனவள் எழுந்து போய், வந்தவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பாவம், தூது வந்தவன் என்ன செய்வான் என்று மனதார நினைத்தாள். நினைத்ததை விதியாகவும் எழுதிவைத்தாள்.

இப்போது அந்த இடத்தில் வேறு விதி இருந்தது.

*பாணனுக்குத் தெரியும். தெரிந்தே பாடுவான். ஆகவே பகடையில் மூன்று கூடும்.*

சரி, விளையாட்டுதானே. மேலே படித்தாள்.

*உள்ளே வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டால் ஒன்று கூடும். தண்ணீர் கொடுத்தவள் காதும் கொடுப்பாள்.*

அன்றைக்கு அவன் முதலில் கேட்டது தண்ணீர்தான். சொம்பு நிறையக் கொடுத்தாள்.

*'நானும் கூட இருந்தேன்' என்றால் இரண்டு கூடும்.*

*பெற்ற பிள்ளை மேல் ஆணையிட்டால் ஐந்து.*

பக்கத்தை மூடிவிடலாம் என்று நினைத்தாள். இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது.

*பின்னால் பொய் வெளிப்பட்டால், தானும் ஏமாந்ததாகப் பாணன் அழலாம். இதற்குப் பகடை உருட்டத் தேவையில்லை.*

அதை மூன்று தரம் படித்தாள்.

எழுதும்போது அவனுக்கு அவள் ஞாபகமே வந்திருக்காது. வந்திருந்தால் இதை அவள் கையிலேயே கொடுத்திருப்பானா? அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் தன்னையே பைத்தியம் என்று நம்பிய ஒரு வருடம், அவனுக்குச் சுலபமாகக் கைவந்த நான்கைந்து வரி.

"எப்படிம்மா? இப்ப பாணன் தெம்பா இருக்கான்ல?" என்றான் சார்லஸ், வரைபடத்தைத் தடவி நேராக்கிக்கொண்டே.

"நல்லா இருக்குண்ணா. விளையாடிப் பாத்தீங்களா?"

"பாக்காமயா எழுதுவேன்? கதவு தொறந்துடும்மா. கண்டிப்பா."

அவன் கடைசி டம்ளரை எடுத்தான்.

"அண்ணா, ஜெனிலா எப்படி இருக்கா? உடம்பெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

சார்லஸ் நிமிர்ந்தான். நல்லா இருக்கா என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அவள் மடியில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தான்.