வேண்டுதல் பாக்கி

"மயிலத்து மலை முருகனுக்கு மொட்டை போடணும்மா. காச்சல்ல கெடந்தப்ப வேண்டிக்கினேன். அமுதத்தையும் கூட்டிக்கினு போறேன்."

விருத்தாம்பாள் மகன் பச்சையப்பனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மண்ணாடிப்பட்டில் வண்டிமாடுகூட ஒதுங்கி வழிவிடும்.

"போயிட்டு வா. உம் பொண்டாட்டி எதுக்கு?"

"ஜோடியா வரேன்னு வேண்டிக்கினேனே."

"ரெண்டு நாள் காச்சலுக்கு இவ்ளோ பெரிய வேண்டுதலாடா?"

அடுப்படியில் அமுதம் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். வேண்டுதலும் இல்லை, ஒன்றும் இல்லை. வைக்கோற்போரைவிட உயரமான எதையும் பார்த்தறியாத அமுதம், "மலைன்னா எப்படிங்க இருக்கும்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

ஆனால் வேடிக்கை பார்க்க மருமகள் வாசல் தாண்டுவது அந்த வீட்டில் நடக்காது. சொல்லாமல் தேர் பார்க்கப் போன அடுத்த தெரு மருமகளை அறுவடை முடியும்வரை தாய் வீட்டுக்குத் துரத்தினார்களே, அந்தத் தீர்ப்பைச் சொன்னவளே விருத்தாம்பாள்தான். சாமி காரியம் என்றால் மட்டும் அவளாலும் மறுக்க முடியாது. ஒரு குடுமியைக் கொடுத்து ஒரு மலையை வாங்குவது நஷ்டமில்லை என்று பச்சையப்பன் கணக்குப் போட்டான்.

கோழி கூவ வண்டி கட்டினார்கள். எல்லையில் இங்கிலீஷ்காரன் சுங்கச்சாவடி. இந்தாண்டை பிரெஞ்சு ராஜாங்கம், அந்தாண்டை வேறு ராஜாங்கம். புழுதி மட்டும் ஒன்றுதான்.

"வண்டியில இன்னாய்யா? பிராந்தி கிராந்தி இருக்குதா?" என்றான் சிப்பாய்.

"வேண்டுதல்தான் இருக்குது."

சிப்பாய் சற்று யோசித்தான். எந்த ராஜாங்கமும் அந்தச் சரக்குக்கு வரி போட்டதில்லை. விட்டுவிட்டான்.

மலையடியில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "வாங்க மொட்டைக்கு!" என்றார்.

"எறங்கி வந்து போட்டுக்கலாங்க. முடி எங்க ஓடிடப் போவுது?" என்று அமுதம் படியேறினாள். ஏறினாள் என்பது மரியாதைக்கு. ஓடினாள். வழியில் அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழத்தைப் பறித்த குரங்கைத் துரத்தியும் ஓடினாள். உச்சிக்குப் போனதும்தான் நின்றாள்.

"ஏங்க, ஒலகம் இவ்ளோ பெருசா? நம்ம ஊரு எது?"

"அதோ, பச்சையா தெரியுது பாரு. நம்ம கரும்புதான்." அவனுக்கும் தெரியாது. அன்றைக்குப் பொய் அவன் வாயில் தாராளமாக வந்தது.

"அந்தாண்ட பளபளங்குதே, அது?"

"ஏரி."

"போலாம் வாங்க!"

மலையின் பின்பக்கம் ஆடு மேய்க்கிற தடம். அமுதம் உட்கார்ந்தபடி சறுக்கி வந்தாள். பச்சையப்பன் முள்ளில் உருண்டு வந்தான்.

ஏரிக்கரையில் மீன்காரர் ஒருவர் தோணியில் ஏற்றிக்கொண்டார். "நீச்சல் தெரியாதா? அப்ப ஆடாம குந்துங்க."

குந்திய அமுதம் நடு ஏரியில் எழுந்துவிட்டாள். தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்ததைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமாம். அடுத்த நொடி மூன்று பேரும் தண்ணீருக்குள்.

"கத்தாத தாயி. எழுந்து நில்லு, இடுப்பளவுதான்" என்றார் மீன்காரர்.

புருஷனின் குடுமியை இரண்டு கையாலும் பிடித்திருந்தவள் மெல்ல விட்டாள். "நல்ல வேளை, இது இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். கரையிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. அவளுக்கு இப்படியும் சிரிக்கத் தெரியும் என்பது பச்சையப்பனுக்கு அன்றுதான் தெரிந்தது.

மலையைச் சுற்றி வந்தபோது நாவிதர் போய்விட்டிருந்தார். வண்டி கட்டித் திரும்பும்போது எல்லையில் அதே சிப்பாய். "வேண்டுதல் ஆச்சா?"

"ஆச்சு, ஆச்சு" என்று தலையைத் தடவிய பச்சையப்பனின் கை அங்கேயே நின்றது.

"ஐயய்யோ… முடி!" என்றாள் அமுதம்.

மயிலம் எங்கேயோ பின்னால். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஈரத் துண்டை எடுத்து முண்டாசாகச் சுற்றிக்கொண்டான். அமுதம் மனசுக்குள் துணிமூட்டை கட்டத் தொடங்கினாள்.

வாசலில் விருத்தாம்பாள், கையில் கிண்ணம் நிறைய அரைத்த சந்தனம். பக்கத்தில் பக்கத்து வீட்டுக் காசம்மாள். மொட்டையை முதலில் பார்த்து ஊருக்குச் சொல்லும் பொறுப்பை அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முண்டாச அவுருடா. சந்தனம் பூசணும்."

"தலை எரியுதும்மா. காலையில பூசிக்கலாம்."

"எரியுதுன்னுதானே சந்தனம்!" என்று காசம்மாள் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

குடுமி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. நுனியில் ஏரிப்பாசி.

"அடி யம்மா! இன்னா கூத்து இது! புருசனும் பொண்டாட்டியும் ஊரு சுத்திட்டு வந்திருக்குதுங்க! அக்கா, இவள நாளைக்கே அம்மா வூட்டுக்குத் தொரத்து!"

அமுதம் பச்சையப்பன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"வாய மூடு காசம்மா" என்றாள் விருத்தாம்பாள். "முடியில கை வைக்காதேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். சாமி கனவுல வந்து, 'அடுத்த வருசம் ரெண்டு பேரும் வந்து குடுங்க'ன்னுச்சு. வேணும்னா நீ போயி சாமியாண்ட சண்ட போடு."

காசம்மாள் முனகிக்கொண்டே போனாள். பச்சையப்பன் மாட்டை அவிழ்க்கும் சாக்கில் கொட்டகைக்கு நழுவினான்.

விருத்தாம்பாள் சந்தனத்தை வழித்து, வெயிலில் கன்றிப்போயிருந்த மருமகளின் முகத்தில் பூசினாள்.

"அத்தை…"

"ஆடாதடி." குரலைத் தாழ்த்தினாள். "மேல நின்னா நம்ம ஊரு தெரியுதாமே, நெசமா?"

"தெரியுது அத்தை. நம்ம கரும்புகூட."

விருத்தாம்பாளின் கை கொஞ்ச நேரம் அவள் கன்னத்திலேயே இருந்தது.

"வாக்கப்பட்டு வந்த புதுசுல நானும் இப்படித்தான் ஒரு வேண்டுதல் சொல்லிப் பாத்தேன். எங்க மாமியா நம்பலடி."