சாரம் இருந்த இடம்

ஓர் ஆட்டின் முறிந்த கால் எலும்பை எஃகுத் தகடு ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தது. முறிவின் இடைவெளியில், கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போல, தாதுப்பொடியும் பாலிமரும் கலந்த, துளைகள் நிறைந்த துண்டு ஒன்றை டாக்டர் வைத்திருந்தார். எலும்பின் செல்கள் அந்தத் துளைகளில் குடியேறி வளர வளர, சாரம் கரைந்துகொண்டே வந்தது.

தகட்டுக்குப் பொறுக்கவில்லை. "துளைய அடைச்சுக்கோ தம்பி, உன்னை இல்லாமலே ஆக்கிடுவாங்க!"

சாரத்துக்கும் பயம்தான். ஆனால் அடுத்த செல் வந்து, "இடம் இருக்கா?" என்று கேட்டதும், "உள்ள வா" என்றுதான் அதற்குச் சொல்லத் தோன்றியது.

ஆடு துள்ளி ஓட ஆரம்பித்தது. தகட்டைக் கழற்ற டாக்டர் வந்தபோது, அது எலும்பிடம் கேட்டது: "நடுவுல உன்னைத் தாங்கினானே, அவன் எங்கே?"

"எவன்? நான் எப்பவும் முழுசாத்தானே இருக்கேன்" என்றது எலும்பு.