பேரண்டம் செய்த சத்தியம்

அமெரிக்காவில் ரயில் புதிதாக ஓடத் தொடங்கிய காலம். ஒரு தபால் நிலையத்துத் தராசுக்கு 'இலக்கியப் பேரண்டம்' என்ற வாரப் பத்திரிகையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

விரித்தால் கட்டில் விரிப்பு மாதிரி இருக்கும் அந்தப் பத்திரிகை. கடலுக்கு அப்பால் யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய நாவலை, ஒரு வார்த்தை கேட்காமல் முழுசாக அச்சடித்து வைத்திருக்கும். மூலையில் மட்டும் 'நேற்று மழை' என்று ஒரு வரி.

செய்தித்தாளுக்குத் தபால் கட்டணம் சொற்பம், புத்தகத்துக்கோ ஏகப்பட்டது. அதனால் தராசில் ஏறியதும் பேரண்டம், "நானாவது, புத்தகமாவது! இதோ பாருங்க மழைச் செய்தி. நான் வெறும் செய்தித்தாள்தான்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யும். அதே நாவலைத் தாங்கிய குட்டிப் புத்தகமோ முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுப் பேசாமல் நிற்கும்.

இறங்கியதும் பேரண்டத்துக்கு வாய் நீண்டுவிடும். "இலக்கியம்னா நான்தான். ஊர் நூலகம் திறக்கட்டும், நடு அலமாரி எனக்குத்தான்!"

ஒருநாள் அது தராசின் மேல் சத்தியம் செய்துகொண்டிருந்தபோதுதான், நூலகத்துக்குப் புத்தகம் எடுத்துப்போக ஒரு கூடை வந்து நின்றது. பேரண்டம் மீதிச் சத்தியத்தை விழுங்கியது.

"ஏன் நிறுத்திட்டே? நீ யாருன்னு கூடைக்கும் சொல்லேன்" என்றது தராசு.

பேரண்டம் கூடையைப் பார்த்தது. கட்டணப் பலகையைப் பார்த்தது. "செய்தித்தாள்தான்" என்று முனகியது.

"நல்லதாப் போச்சு" என்றது கூடை. "அடியில விரிக்க இந்த அளவுக்கு ஒண்ணு கிடைக்காமத்தான் அலைஞ்சேன்."

விரித்தது. அதன்மேல் குட்டிப் புத்தகம் ஏறி உட்கார்ந்தது.