எதிர்மலையின் குரல்

பாலைவனத்து மசாதா மலைக்கோட்டையின் தென்முனை. கீழே சாக்கடல் வெயிலில் ஈயத்தகடுபோல் அசையாமல் கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, வழக்கப்படி, எதிர்மலையைப் பார்த்து அவரவர் பெயரைக் கத்துகிறார்கள். மலை ஒவ்வொன்றையும் சற்றுத் தாமதித்துத் திருப்பி அனுப்புகிறது. "காலையில ஒண்ணும் சாப்பிடலியா? மலைக்குக் கேக்கவே இல்ல!" என்று டீச்சர் சீண்ட, அவர்கள் சிரிப்பும் திரும்பி வருகிறது. ஈராயிரம் வருஷத்துக்கு முன் ரோமருக்குப் பணியாமல் குடும்பம் குடும்பமாகத் தம்மையே மாய்த்துக்கொண்ட யூதர்களின் இடிந்த மதில் நிழலில் நெகாமா நிற்கிறாள். போன வருஷப் போரில் செத்த மகன் அவ்னேர், பட்டாளத்தில் சேர்ந்தபோது இங்கேதான் உறுதிமொழி எடுத்தான். அவன் தொப்பியை அவள் விரல்கள் மடிப்பதும் விரிப்பதுமாக இருக்கின்றன. பிள்ளைகள் போனதும் கறுப்புப் பறவை ஒன்று வேலியில் உட்கார்ந்து சீழ்க்கையடிக்கிறது. "நீயும் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடேன்" என்கிறார் கணவர் கெர்ஷோன், மெல்ல. "ஒரு வருஷமா அதைத்தானே பண்றேன். எப்பவும் நான்தான் கூப்பிடறேன்" என்கிறாள். பிறகு வேலியோரம் போய், அடிவயிற்றிலிருந்து கத்துகிறாள்: "அம்மா!" பறவை விர்ரென்று எழும்பிப் போகிறது. ஒரு கணம் ஒன்றுமில்லை. "அம்மா..." என்கிறது எதிர்மலை. "இங்கதான்டா இருக்கேன்" என்கிறாள் நெகாமா.